எழுத்துக்கு நாற்பது ரூபாய்

சத்துவாச்சாரி தாண்டி, சர்வீஸ் ரோட்டு ஓரம்
தகர ஷெட்டில் கல் வெட்டுகிறார் அமானுல்லா பாய்.
எழுத்துக்கு நாற்பது ரூபாய்.
சிலுவை மட்டும் சும்மா போட்டுத் தருவாராம்.

சபைக் காரியதரிசி எழுதிக் கொடுத்த தாளை நீட்டினேன்:
உன் பெயர், இரண்டு தேதி, நான்கு வரி வசனம்.
உதடு அசைய, பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்,
ஷூ கம்பெனியில் நான் தையல் எண்ணுகிற மாதிரி.
ஒன்பதாயிரம் வந்தது.
கல்லுக்குக் கொடுத்தது போக
என் பையில் ஆயிரமும்
ராணிப்பேட்டைக்குத் திரும்பச் சில்லறையும்.

'குறைச்சுக்கலாம்மா' என்றார்.
எதைக் குறைக்க?
நித்தியத்தையா, ஜீவனையா?
கர்த்தருக்குள் என்பதில்
'உள்' போனால் என்ன மிஞ்சும்?

கல்தூள் படிந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.
உன்னிடம் சொல்ல என்ன, ஜீவரத்தினம்,
நீ போன தை மாசத்திலிருந்து
என் ஜெபம் பாலாறு.
பாலத்தில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு
மணல், முள்செடி, ஓரத்தில் டேனரி நுரை.
அடியில் ஓடுகிறது என்கிறார்கள்.
ஞாயிற்றுக்கிழமை என் வாயும்
எல்லார் வாயோடும் சேர்ந்து அசைகிறது.
ஐயர் பரலோகம் என்றால்
பொன் வீதி என்கிறார், கண்ணாடிக் கடல் என்கிறார்.
எனக்கு ஓடுவது ஒன்றுதான்:
அங்கே ஒரு குழாயடி இருக்குமா?

இருபத்திரண்டு வருஷம்
சுண்ணாம்புக் குழியில் இறங்கி ஏறினாய்.
டிரம்முக்கு மாற்றிய பிறகு
விரல் நுனிகளில் குரோம் தின்ற ஓட்டைகள்.
பஸ்ஸில் உன் பக்கத்துச் சீட்டு காலியாகவே வரும்.
திருவிருந்துக்குக் கடைசி ஆளாய்ப் போவாய்,
பாத்திரத்தில் உன் வாடை ஒட்டிக்கொள்ளும் என்று.
தோல் பதனிடுகிறவன் வீட்டில்
அப்போஸ்தலர் ஒருவர் பல நாள் தங்கினார் என்று
பிரசங்கத்தில் கேட்ட அன்று மட்டும்
ஆண்கள் பக்கத்திலிருந்து
என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய்.

வீட்டுக்கு வந்தாலும் படி ஏறமாட்டாய்.
வெளிக் குழாயில் வாளி நிரம்பும் சத்தம்.
அதற்கு மேல் உன் குரல்:
'கதவைச் சாத்தாதே,
குளிச்சிட்டு வர்றேன்.'

கடைசி நாளில் அதைக்கூடச் சொல்லவில்லை.
ஆஸ்பத்திரியில் உன் வாய்க்குள் குழாய்.
உன் அண்ணன்மார்தான் உன்னைக் குளிப்பாட்டினார்கள்.

'இதைப் போடுங்க பாய்.'
தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன்.
'வசனமா?'
'அவரு சொன்னது.'
'பேச்சு மாதிரி இருக்கேம்மா, கல்லுல நிக்குமா?'
நிற்கட்டும்.

பத்து எழுத்து.
பெயருக்கு ஏழு, வருஷங்களுக்கு எட்டு.
இருபத்தைந்து. ஆயிரம் ரூபாய்.
இதை அடையாளம் என்று நான் சாட்சி சொல்லமாட்டேன்.
கணக்கு சில நாள் சரியாக வரும், அவ்வளவுதான்.

'புள்ளிக்குக் காசு இல்லை' என்றார்
கல்லைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தபடி.

புள்ளி.
எட்டாம் வகுப்போடு நின்றவள்தான்,
ஆனாலும் இது மறக்கவில்லை:
மெய் தனியாய்க் கிடந்தால் தலைமேல் புள்ளி.
உயிர் வந்து ஏறினால்
புள்ளி இருந்த இடம்கூடத் தெரியாது.

உன் பெயர் மெய்யில்தான் முடிகிறது.
ம்,
நான் எதையோ கேட்க
உள்ளறையிலிருந்து நீ சொல்கிற பதில் மாதிரி.

உளி இறங்கியது.
ஜீ முடிந்து வ தொடங்கும்வரை நின்றேன்.
பிறகு பஸ்.
பாலத்தில் அந்தி வெயில் மணல்மேல் படுத்திருந்தது.
தண்ணீர் இல்லை. பார்த்துக்கொண்டே வந்தேன்.

ராத்திரி தாழ்ப்பாள் போட்டேன்.
தனியாள், தெருவில் திருட்டுப் பயம்.
உனக்குத் தாழ்ப்பாள் ஒரு தடையா என்ன.
ஆனால் வெளிக் குழாயடியில்
ஆறு மாசமாய்க் கவிழ்ந்தே கிடந்த வாளியை
நிமிர்த்தி வைத்தேன்.
குழாய் சரியாக மூடாது, உனக்குத் தெரியும்.
படுத்த பிறகு கேட்டது,
சொட்டு,
வெகுநேரம் கழித்து
இன்னொரு சொட்டு.