உச்சச் சுமை

நவம்பர் கடைசியில் சூரியன்
மலைக்குப் பின்னால் போனால்
ஜனவரி முடியும்போதுதான் திரும்பும்.
அதற்குள் முடித்தாக வேண்டும் என்று
மீன் ரசீதின் பின்பக்கத்தில்
கணக்கெழுத உட்கார்ந்தான் தோர்கில்ஸ்.

இழுவைக் கப்பலில் எஞ்சின் அறைக்காரன்.
எதையும் உச்சச் சுமைக்கே அளப்பான்.
விரலுக்குத் தக்க வீக்கம் போதாதா என்றேன்.
"சராசரிக் காற்றில்
எந்தக் கப்பலும் கவிழ்வதில்லை, சோல்ரூன்."

படங்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு.
ஒன்றுக்கு நாற்பது ஜிபி.
எட்டு டெராபைட் டிஸ்க் நான்கு வாங்கினால்
மூன்றில் படம் இருக்கும்;
நான்காவது,
மற்றதில் ஏதேனும் ஒன்று சாகும் நாளுக்கு.

கூட்டிப் பார்த்தான். கழித்துப் பார்த்தான்.
"பன்னிரண்டு படம் வெளியே நிற்கிறது."
எந்தப் பன்னிரண்டு என்று கேட்டது என் தப்பு.
இரண்டு இரவு பேச்சுவார்த்தை இல்லை.
மூன்றாம் நாள் ஐந்தாவது டிஸ்க்குக்குப் பணம் கட்டினோம்.
சண்டையைவிட மலிவு.

அடுத்தது ஆட்கணக்கு.
ஒரே நேரத்தில் எத்தனை பேர்?
மாடியில் உல்ஃபர்.
தீர்ஃபின்னாவுக்கு இரண்டு போட வேண்டும்:
பார்ப்பது ஒன்று, ஓடவிட்டு மறப்பது ஒன்று.
கூடத்தில் அவன்.
சமையலறையில் நான், என் பழைய டிவியோடு.

அந்த டிவியிடம்தான் கணக்கு இடறியது.
மற்ற நான்குக்கும் சர்வர் வெறும் தபால்காரன்:
உறையைப் பிரிக்காமல் கொடுத்துவிட்டுப் போய்விடும்.
இதற்கு மட்டும்
பிரித்து, பெயர்த்து, சுருக்கி,
வாயில் ஊட்ட வேண்டும்.
"ஒரு மந்தமான பிளேயர்
நான்கு பேரின் சோற்றைத் தின்றுவிடும்," என்றான்.
டிவியைத் தூக்கிப் போடு என்று சொல்ல வாயெடுத்தான்.
மீன் ஆலையில் என் முதல் சம்பளத்தில் வாங்கியது அது.
என் முகத்தைப் பார்த்தான்.
அதன் முதுகில் தீப்பெட்டி அளவில்
ஒரு பிளேயரை ஒட்டினான்.

ஐந்தும் ஒன்றாக ஓடின. திக்கவில்லை.
அன்றிரவு விசில் அடித்துக்கொண்டே பல் துலக்கினான்.

ஜனவரி பதினேழு.
மேல்தெருவைக் காலி செய்யச் சொன்னார்கள்.
சரிவில் பனி கனத்துவிட்டதாம்.
ரொட்டி மாவோடும் நாயோடும்
அஸ்க்ரீமூர் வீட்டார் ஏழு பேர்.
என்னோடு மீன் வெட்டும் ஸ்ஜிஸ்வாவா,
அவள் கணவன் போகுமில்.
எங்களோடு பதின்மூன்று.

தோர்கில்ஸ் முகத்தில், சொல்லக் கூடாது, ஒரு வெளிச்சம்.
வந்தே விட்டது உச்சம்.
எல்லா அறையிலும் திரையைப் போட்டுவிட்டு
சர்வர் பக்கத்தில் போய் நின்றான்.

யாரும் போகவில்லை.
மாடிக்கு அனுப்பிய பிள்ளைகளும்
படியில் ஒவ்வொருவராய் இறங்கி வந்தார்கள்.
காப்பி சமையலறையில்.
மலையைப் பார்க்கும் ஜன்னலும் அங்கேதான்.

பதின்மூன்று பேருக்கு என் பழைய டிவி.
யாரோ ஒரு நகைச்சுவைப் படம் போட்டார்கள்.
ஸ்ஜிஸ்வாவா சத்தமில்லாமல் கேட்டாள்:
போலிஷ் எழுத்து வருமா?

இருந்தது.
ஆனால் படமாக வரைந்த எழுத்து.
தீப்பெட்டிக்கு அது படிக்கத் தெரியாது.
சர்வரே ஒவ்வொரு வரியையும்
காட்சியின் மேல் பொறித்து அனுப்பத் தொடங்கியது.
மாடிப்படிக்கு அடியில் விசிறி ஊளையிட்டது.
நான்கு அறைகளுக்கு வைத்த பலம் சும்மா கிடக்க,
ஒரு திரைக்கு,
இரண்டு பேருக்கு,
தொண்ணூற்றிரண்டு சதவீதம்.

போகுமில் எல்லாரையும்விட ஒரு நொடி தாமதமாகச் சிரித்தான்.
பிறகு அவன் சிரிப்பதற்காகவே
மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

இடையில் ஒருமுறை ஒலியை நிறுத்தினோம்.
மலை என்ன சொல்கிறது என்று கேட்க.
விசிறி மட்டும் கேட்டது.

காலையில் வீட்டுக்குப் போகலாம் என்று தகவல் வந்தது.
கழுவாத கோப்பைகளுக்கு நடுவே
ரசீதைத் தேடி எடுத்து
"வசன எழுத்து, உச்சம்" என்று எழுதினான்,
பக்கத்தில் கேள்விக்குறி.
அதற்குக் கீழே நான் எழுதினேன்:
நாற்காலி ஏழு குறைகிறது.