உப்பில் ஒரு நுகத்தடி

கொருக்குப்பேட்டை குடோனில்
பியூலா செய்துவைத்த நுகத்தடி:
அத்திப்பட்டு உப்பு,
அனல்மின் நிலையச் சாம்பல்,
லாரி டயரிலிருந்து உருவிய கம்பி.
வளைவை மட்டும்
தன் கழுத்தில் அளந்திருந்தாள்.

திறப்பு விழா. டீ ஆறிக்கொண்டிருந்தது.
ஷட்டர் வழியே எருமை வந்தது,
காதில் மஞ்சள் வில்லை,
முதுகெல்லாம் பக்கிங்காம் கால்வாய்.
‘யாரூட்டு மாடுன்னே தெர்ல மேடம்.’
வாட்ச்மேன் கம்பெடுத்தார்.
‘இருக்கட்டும்.’

நக்கியது.
உப்பும் விளைவதுதானே, பாத்தியில்.
ஆனால் நுகம் ருசிக்கும் என்று
எருமைக் குலத்தில் யாரும் சொன்னதில்லை.

ஒன்பது மணிக்கு
வளைவு இரண்டாய்ப் போனது.
தலையைச் சிலுப்பிக்கொண்டு
கூட்ஸ் தண்டவாளம் தாண்டி
நடந்தது எருமை.

அட்டையில், பொருட்கள் வரிசையில்,
கம்பிக்குக் கீழே
பேனாவால் சேர்த்தாள்:
நாக்கு.