பாவாடையின் எடை

பாட்ஸுன் பள்ளிக்கூடத்தில்
எடைக்கருவி வைக்கச் சமதளம் கிடைக்கவில்லை.
வில்ஃப்ரீதோ வாத்தியார்
போன வருஷக் காலண்டர் அட்டையை நான்காய் மடித்து
ஒரு மூலைக்கு அண்டை கொடுத்தார்.
முள் பூஜ்யத்துக்கு வந்தது.
வந்தும் ஒருமுறை நடுங்கியது.

சப்பாத்தைக் கழற்று. பையைக் காலிசெய். நேரே பார்.
மூன்றையும் கக்சிகேலில் சொல்கிறேன்,
எண்ணை மட்டும் ஸ்பானிய மொழியில்.
நூற்றுப் பதினோரு பிள்ளைகள்.
வரிசையின் வால்
கம்பிவேலிக்கு அப்பால் இருக்கும் கடைச் சன்னலைத் தொடுகிறது.
பாட்டிலைக் கொடுத்துவிட்டால் கடைக்காரிக்கு நட்டம்.
சிவப்புச் சோடாவைப் பாலிதீன் பையில் ஊற்றிக்
குழல் செருகி முடிச்சிடுகிறாள்;
சின்ன விரல்களில் தொங்குகிறது
மீன் செத்துப்போன மீன்பை.
தண்ணீருக்கும் அதே விலை.
அதே விலைக்கு எந்தப் பிள்ளை தண்ணீர் கேட்கும்?

யெசேனியா ஷிகாய். பத்து வயது.
காதணியைக் கழற்றினாள். ரிப்பனை அவிழ்த்தாள்.
வாயில் மென்றுகொண்டிருந்ததைத் துப்பிவிட்டு வந்தாள்.
"இந்தப் பாவாடை எவ்வளவு கனம்?"
தறியில் நெய்த கெட்டித் துணி, இடுப்பை மூன்று சுற்றுச் சுற்றியது.
உடைக்கென்று ஒரு கிலோ கழிப்போம், அதுதான் விதி என்றேன்.
"ரெண்டு கழிங்க."
ஏறி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்,
காற்றையும் கணக்கில் சேர்த்துவிடுவேனோ என்று.

உயரத்தில் அவள் ஏழு வயதுக்காரி.
எடையில் பன்னிரண்டு.
ஒரு புள்ளி தாளின் அடியில் விழுந்தது,
இன்னொன்று மேல் விளிம்பில்.
தொட்டிலிலேயே தொடங்கிய பசி எலும்பில் நின்றுவிட,
பிறகு வந்த சர்க்கரை அதன்மேல் வீடு கட்டியிருக்கிறது.
படிவத்தில் இருப்பதோ ஒரே கட்டம்:
குறைவா, மிகையா.
இரண்டும் என்று எழுத இடம் விடவில்லை.

அவள் அப்பா ஏற்றுமதிக்குப் பட்டாணி பறிப்பவர்.
காயெல்லாம் ஒரே நீளம் இருக்கவேண்டும்.
குட்டையையும் பருத்ததையும்
கூடையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்து தம்பி, எல்மெர், முதல் வகுப்பு.
மூங்கில் குச்சிக்குச் சட்டை மாட்டியதுபோல் இருந்தான்.
ஒரு பையை மட்டும் வெளியே இழுத்துக் காட்டினான்.
ஏறும்போது மறுபை தொடையில் மோதி
டொக் என்றது.
மூன்று கூழாங்கல். தீர்ந்துபோன ஒரு பேட்டரி.
யார் வைத்தது என்றேன்.
அவன் அக்காவைப் பார்த்தான்.
அக்கா ரிப்பனைப் பார்த்தாள்.
"போன வருஷம் இவன் எடை கம்மின்னு
எங்கம்மாவை எல்லார் முன்னாடியும் வச்சுத் திட்டினாங்க."
யார்?
கேட்ட பிறகுதான்
என் குரலே எனக்கு ஞாபகம் வந்தது.
பிள்ளைக்குப் போடுவது சோறா, காற்றா என்று
கேட்டவள் நான்தான்.
அந்த அம்மாள் சிரித்திருந்தாள்,
வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

கற்களை மேசையில் வரிசையாக வைத்தேன்.
பையன் மறுபடி ஏறினான்.
உள்ளதை உள்ளபடி எழுதினேன்.
பத்து மணிக்கு அரசாங்கக் கஞ்சி வந்தது;
ஆளுக்கு ஒரு குவளை.
யெசேனியா வேண்டாமென்று
தன் குவளையைத் தம்பி பக்கம் தள்ளினாள்.
சற்றுப் பொறுத்து
அடியில் மிஞ்சியதை வழித்துத் தின்றாள்,
நான் பார்க்கவில்லை என்று நினைத்து.

ராத்திரி, வீட்டில்,
நான் உடுத்தியிருந்த பாவாடையை அவிழ்த்து
மடித்து அந்தக் கருவிமேல் வைத்தேன்.
ஒரு கிலோ எழுநூறு.
மறுபடி வைத்தேன். அதேதான்.

பட்டியலில் பெண்பிள்ளைகள் ஐம்பத்துநான்கு பேர்.
விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டு
பென்சிலைச் சீவினேன்.