ஐம்பது சொற்களுக்கு மிகாமல்

அரசு வேலைக்கான இணையப் பாரத்தில்
பதினேழாவது கட்டம் கேட்கிறது:
தொண்டூழிய அனுபவம்.
ஐம்பது சொற்களுக்கு மிகாமல்.

நான்காம் கட்டையில் வைஃபை உள்ள ஒரே கடை இது.
ஒரு தே ஓ ஐஸுக்கு ஒரு மணி நேரம் உட்காரலாம்,
அதற்கு மேல் முதலாளி
என் தலைக்கு மேலுள்ள காற்றாடியை நிறுத்துவார்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி
வளைவில் இரண்டு பழங்களை உதிர்த்துவிட்டுப் போகிறது.

முதலில் இப்படி எழுதினேன்:
'தோட்டப்புற மக்களுக்கான ஆவண உதவி முகாமில் பங்கேற்றேன்.'
ஆறு சொற்கள்.
பொய் ஒன்றுமில்லை.
எதுவும் தெரியவும் இல்லை.

உண்மையைச் சொன்னால் புள்ளிக்காகத்தான் போனேன்.
இணைப்பாடத்துக்கு இரண்டு புள்ளி, ஒரு சான்றிதழ்,
எல்லாருக்கும் ஒரே அளவில் ஆரஞ்சுச் சட்டை,
மதியம் நாசி லெமாக்.
லோகேஸ்வரி பெயர்களைப் பதிந்தாள்.
நான் பாரம் நிரப்பினேன், கறுப்பு மையில், பெரிய எழுத்தில்.

அப்படித்தான் சத்தியசீலன் வந்து
எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.
பள்ளிக் குழுவின் கோல்கீப்பர்.
மாநிலத் தேர்வுக்குப் போனவனை
அடையாள அட்டை கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.
அப்பா டிராக்டர் ஓட்டுகிறார்.
அம்மா மேடான்காரி, போய் ஆறு வருடமாகிறது.
தோட்டத்துக் கோயிலில் மாலை மாற்றிய
படம் இரண்டு இருக்கின்றன, ஒன்றில் பூசாரியின் கை மட்டும்.
பதிவு இல்லை.
தாயின் பெயர் என்ற கட்டத்துக்கு
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான்,
நான் தப்பாக எழுதிவிடுவேனோ என்று
என் பேனாவையே பார்த்தபடி.

பதிவு அலுவலகத்துக்கு ஐந்து தடவை போனோம்.
காலை ஆறு பத்து பஸ்.
பாரம் பழையது என்றார்கள்.
மூலப் பிரதி வேண்டும் என்றார்கள்.
மூன்றாம் தடவை எங்கள் எண் வந்தபோது
மணி பன்னிரண்டரை, கவுண்டர் சாப்பிடப் போயிருந்தது.
நான்காம் தடவை நடந்ததை எழுத
கெட்ட வார்த்தைகளே ஐம்பது வேண்டும்.

ஐந்தாம் தடவைதான் புவான் ரோஹாயு
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழுந்து வெளியே வந்தார்.
சீலன் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து,
"எந்த மருத்துவமனையில் பிறந்தாய்?" என்று கேட்டார்.
பிறகு தம் கைப்பேசியிலேயே அந்த மருத்துவமனையை அழைத்து
பழைய பிரசவப் பேரேட்டைத் தேடச் சொல்லிக் காத்திருந்தார்.
பதினெட்டு நிமிடம்.
அந்தப் பதினெட்டு நிமிடத்தில்தான்
எனக்கு அந்த நாற்காலி வேண்டும் என்று தோன்றியது.
பிளாஸ்டிக் நாற்காலி இல்லை,
அவர் எழுந்து வந்த நாற்காலி.

இதை எந்தக் கட்டத்தில் எழுத?

பேரேட்டில் பெயர் இருந்தது.
கோப்புக்கு ஓர் எண் கிடைத்தது.
பதினான்கு மாதமாகக் கேட்டால்
'பரிசீலனையில்' என்கிறது திரை.
சீலன் இப்போது நாள் கூலிக்குக் குலை ஏற்றுகிறான்,
தூக்கிப் போடுவதை ஒருவன் பிடிப்பதில்லை என்பதுதான்
பந்துக்கும் இதற்கும் வித்தியாசம் என்கிறான்.

நேற்று விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னேன்.
"போங்கக்கா" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"நீங்க உள்ள போயிட்டா
வெளிய யாரு பாரம் எழுதுவா?"

அதைவிட எனக்கு வேறொரு பயம்.
பன்னிரண்டரைக்கு
எனக்கும் பசிக்குமே.

நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று.
சிவப்பாக மாறுகிறது கட்டம்.
'மனமார்ந்த' என்பதை அழிக்கிறேன்.
மறுபடி மேலே போய்ச் சரிபார்க்கிறேன்.
முதல் கட்டம்: அடையாள அட்டை எண்.
பன்னிரண்டு இலக்கம்.
அதைத் தராமல் அடுத்த கட்டம் திறக்காது.
எப்போது தட்டினேன் என்றே நினைவில்லை,
மூச்சுவிடுவது போல
தட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

காற்றாடி நின்றுவிட்டது.

இன்னொரு தே ஓ சொல்கிறேன்.