களஞ்சியச் சாவி

ஜூன் பிறந்தும் அந்த ஆண்டு
ஏரியின் மேல் ஆட்கள் நடந்தார்கள்.
பனி விட்ட பின் போட்ட பார்லி
பால் பிடித்துக்கொண்டிருந்தது.
செப்டம்பர் மூன்றாம் இரவு,
வயலைச் சுற்றி ஈர விறகை மூட்டினோம்
புகையால் பயிரைப் போர்த்தலாம் என்று.
காற்றில்லை.
புகை நேரே மேலே போனது
எங்களுக்கும் அதற்கும் ஒன்றுமில்லை என்பதுபோல.
விடிந்ததும் தாவெத்தி ஒரு கதிரைக் கசக்கினார்.
உள்ளங்கையில் வெறும் ஈரம்.

ரயில் பாதை போடும் இடத்தில்
கூலிக்கு மாவு தருகிறார்களாம்.
புறப்படும்போது களஞ்சியச் சாவியை
என் கழுத்தில் மாட்டினார்.
உள்ளே உத்தரத்தில் தொங்கியது
முந்தைய ஆண்டின் விதை, அரை மூட்டை.
'மே வரைக்கும் நீ செவிடு, வப்பு' என்றார்.

பைன் பட்டையைக் கோடையிலேயே
சந்தேகப்பட்டு உரித்து வைத்திருந்தோம்.
வறுத்து, இடித்து, சலித்து,
மாவென்று பேர் சொல்லிப் பிசைந்தேன்.
ஏலியின் வயிறு கல்லாய் இறுகியது.
காட்டோரம் அந்த மரங்கள்
சட்டையில்லாமல் நின்றன, அவையும் சாகத்தான்.

ஜனவரியில் சாலை நிறைய ஆட்கள்,
எந்த ஊர் என்று கேட்டால்
வந்த திசையைக் கைகாட்டுவார்கள்.
ஒருத்தியை மட்டும் உள்ளே விட்டேன்.
என்னிடம் இருந்தது வெந்நீர்.
அவள் கம்பளியில் இருந்தது பேன்;
பேனுக்குள் காய்ச்சல் இருக்குமென்று
அன்றைக்கு யாருக்குத் தெரியும்.
விடியுமுன் போய்விட்டாள்
அடுப்படியைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு.

பன்னிரண்டு நாள் கழித்து ஏலிக்கு உடம்பு கொதித்தது.
மார்போடு அணைத்தேன்.
'சாவி குத்துது' என்றான்.
அவ்வளவுதான். ரொட்டி கேட்கவில்லை.
கேட்டிருந்தால்...
ஒரு கிண்ணம் கஞ்சி.
மூட்டையில் குறைந்ததே தெரிந்திருக்காது.

'காய்ச்சல்' என்று எழுதினார் பாதிரியார்.
பசிக்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

மண் கடப்பாரைக்கு மசியவில்லை.
குளிர்ந்த இடம், நரி புகாத இடம்,
எங்களுக்கு ஒன்றுதான் இருந்தது.
மேலே மூட்டை.
கீழே பலகையில், என் சால்வைக்குள், அவன்.
மார்ச் முழுக்க, ஏப்ரல் முழுக்க
ஒரே சாவியால் இரண்டையும் போய்ப் பார்த்தேன்.
ஒருநாள் மூட்டையை மட்டும்
தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மே இருபதில் தரை இளகியது.
காலையில் கல்லறைத் தோட்டம்.
மாலையில் வயல்.
இடையில் கை கழுவினேனா, நினைவில்லை.

தாவெத்தி வரவில்லை.
பாதை வேலைக்குப் போன ஒருவன்
அவருடைய மரக்கரண்டியைக் கொண்டுவந்தான்.
விளிம்பெல்லாம் பல் தடம்.

அந்த ஆகஸ்டில் பார்லி இடுப்புயரம்.
விதை கேட்டு வந்த கோர்பிலா பண்ணைக்காரர்
வரப்பில் நின்று தொப்பியைக் கழற்றி
'கெட்டிக்காரி' என்றார்.
அளந்து போட்டேன்.

முதல் ரொட்டியை முழு மாவில் சுட்டேன்.
வீடெல்லாம் மணம்.
ஒரு வாய், தொண்டையில் இறங்கவில்லை.
மறுநாள் பரணில் தேடி
ஒரு பிடி பட்டைத்தூள் கலந்து பிசைந்தேன்.
அதைத் தின்றேன்.