சே, சோ, தா, தி

பூரட்டாதிக்கு நான்கு எழுத்து.
இணுவிலில் எழுதித் தந்த துண்டை
மீன் சந்தையில் மிச்சக் காசு வாங்குவதுபோல்
எண்ணிப் பார்த்து வாங்கி வந்தார் வாகீசன்.

அன்றிரவே போன் சூடேறியது.
பேர்கனிலிருந்து மச்சாள் சுகிர்தா: செல்மா.
"இஞ்ச வகுப்புக்கு நாலு பேர் இருக்கினம்,
ஒருத்தருக்கும் நாக்குப் புரளாது."
பாரிசிலிருந்து நிரோஜன்: செலின்.
கடை முதலாளியின் மகளுக்கும் அதுவாம்.
துருக்கிக்காரரிடமும் உண்டாம், அவர்களுக்கு அது
ஓடிவரும் வெள்ளம்.
"மாரிக்கு எங்கட ஒழுங்கையே செலின்தான்"
என்றார் வாகீசன்.

பாசையூர் ஜெசிந்தா
பைபிளைத் திறக்காமலே தாமார் என்றாள்.
பேரீச்சை என்று பொருள்.
அந்தத் தாமாருக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.
ஜெசிந்தா குனிந்து
குழந்தையின் மேசைச் சரிசெய்தாள்.

ஐந்து சந்தி ஹம்சியா தந்தது தாஹிரா, தூயவள்.
தந்த கையோடு
"எங்கட ஆக்கள் சிரிப்பினம்,
உங்கட ஆக்கள் சண்டை பிடிப்பினம்" என்று
அவளே திருப்பி எடுத்துக்கொண்டாள்.

தாராவை முதல் நாளே வெட்டியிருந்தோம்.
வடமொழியில் அது வானத்து மீன்.
எங்கள் ஊரில்
வயல் வெள்ளத்தில் நீந்தி முட்டை இடுவது.

பெயர்களைத் தட்டச்சு செய்வது என் உத்தியோகம்.
பிரதேச செயலகம், ஜன்னலோர மேசை.
தமிழுக்கு ஒரு பெட்டி, சிங்களத்துக்கு ஒன்று,
ஆங்கிலத்துக்கு ஒன்று.
முதல் பெட்டியில் கயல்விழியாக நுழைபவள்
மூன்றாவதால் கயல்விலியாக வெளியே வருவாள்.
ஆறு வருடமாகப் பார்க்கிறேன்,
ழகரம் எங்கே விழுகிறதென்று தெரியவில்லை.
கூட்டிப் பெருக்கும்போதும் அகப்படுவதில்லை.

"செவ்வந்தி" என்றார் வாகீசன்
ஒரு விடியப்புறம், பால் போத்தலைக் குலுக்கியபடி.
"சே இல்லை, செதான். பரவாயில்லை.
ரெண்டு பக்கமும் பூ."
ரெண்டு பக்கமும் பூதான். ஒரே பூ இல்லை.
எங்களுக்கு மஞ்சள், மாலையில் கோப்பது.
சிங்களத்தில் அது ரோசா.
"ஒரு பெயருக்கு ரெண்டு பூ, லாபம்தானே."

எனக்குப் பன்னிரண்டு வயது.
கல்வியங்காட்டுச் சோதனைச் சாவடி,
தகர மறைப்புக்குள் பெண்கள் வரிசை.
பின்னலை அவிழ்க்கச் சொன்னாள், கையால் காட்டி.
அவிழ்த்தேன்.
ரிபனை விரலில் சுற்றி வைத்திருந்து
திருப்பித் தந்தாள்.
நல்லவள் என்றும் சொல்லமாட்டேன்,
கெட்டவள் என்றும்.
வேர்த்திருந்தாள்.
மேசையில் அவளுடைய தண்ணீர்ப் போத்தல்.
அதில் ஒட்டிய பிளாஸ்டரில்
நீல மையில் வட்டம் வட்டமாக ஏதோ.
பார்க்க வேறு இடம் இல்லை, அதையே பார்த்தேன்.
உத்தியோகத்துக்காகச் சிங்களம் படித்த வருடம்,
பரீட்சைக்கு முதல் நாள் இரவு,
அந்த வட்டங்கள் ஒவ்வொன்றாக
வாய் திறந்தன.

"பூ வேண்டாம்" என்றேன்.
ஏன் என்று கேட்டார்.
நித்திரை வருகுது என்றேன்.

நாற்பதாம் நாள் பதிவாளர் முன் இருந்தோம்.
பெயரை வெறுமையாக விட்டும் பதியலாம்,
பிறகு சேர்க்கலாம்.
எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.
மடியில் அவள் விக்கினாள்,
காலிரண்டையும் அகட்டி உதைத்தாள்.
வெட்டிய பெயர் வாயில் வந்து நின்றது.

முதல் பெட்டி: தாரா.
இரண்டாவது: தாரா.
சிங்களத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்து
தாராவா என்பார்கள்.
அங்கும் அதே பறவை, அதே நடை.
மூன்றாவதிலும் எதுவும் கொட்டவில்லை.

"நட்சத்திரம் எண்டு பொருள், என்ன?"
பதிவாளர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"ஓம்" என்றேன்.
வாகீசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்,
தோள் குலுங்கியது.

வெளியே மழை. எங்கள் ஒழுங்கையில்
கணுக்கால் வரை தண்ணீர்.
ஓட்டோக்காரர் வாசலிலேயே இறக்கிவிட்டார்.
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து
மூன்று பேரும் போனோம்.