சிலிண்டருக்கும் குளிரும்

சரோஜினி நகரில், ஞாயிறு மதியம்,
துணிக்குவியலுக்கு இந்தப் பக்கம் நான்
அந்தப் பக்கம் எபி.
நடுவில் ஒருவன் ஸ்டூல்மேல் ஏறி நின்று
"தோ சௌ, தோ சௌ" என்று
தொண்டை கிழியக் கத்துகிறான்.
ஏற்றுமதியில் தள்ளியவை.
கழுத்துப்பட்டியில் பெயரை வெட்டிவிட்டார்கள்.
குறை என்னவென்று
நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எபி எடுப்பதெல்லாம்
பிறந்தநாள் கேக்கில் கைவிட்டதுபோல் இருக்கும்.
மூன்றடுக்குச் சுருக்கு, முதுகில் முடிச்சு,
தொட்டால் விரலில் ஒட்டும் ஜிகினா.
நான் எடுப்பவை
நனைந்த மண், புளி, தேய்க்காத பித்தளை.
இன்று ஒரு கார்டுராய் பேண்ட் அகப்பட்டது.
முழங்காலில் ஒட்டு.
நான்கு பை,
உண்மையாகவே கை நுழைகிற பை.
"பையன் பேண்ட் அது" என்றான்.
"பை இருந்தால் பையனா?" என்றேன்.
தமிழ் தெரியாத கடைக்காரன்
எங்களுக்கும் முன்னால் சிரித்தான்.

என் இடுப்பில் ஷாரன்.
சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்று
என் சால்வையில் கை துடைத்துக்கொண்டிருந்தாள்.
அவளை யாரும் கேட்கவில்லை.
கேட்டாலும் மஞ்சள் என்பாள்.
எது மஞ்சள் என்றால்
எல்லாவற்றையும் காட்டுவாள்.

எபி வீட்டில் நான்கு ஆண்பிள்ளைகள்.
கிறிஸ்துமஸுக்கு முன் மார்த்தாண்டத்தில்
அவன் அப்பா ஒரே தானில் கிழித்து வருவார்,
நீலக் கட்டம்.
நான்கு சட்டை, மிச்சத்தில் தலையணை உறை.
கோயிலில் வரிசையாக மண்டியிட்டால்
பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு
ஒரே பையன் நான்கு முறை
ஜெபிப்பதுபோல் இருக்குமாம்.
சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.
சொல்லிவிட்டு ஜிகினா வாங்குவான்.

என் கதையை நான் சொன்னதில்லை.
ஆல்பத்தைப் புரட்டும்போது அவனே ஒருநாள் கேட்டான்,
"ஒரு போட்டோவிலும் நீ உட்காரவே இல்லையே?"
சாட்டின் கசங்கும், என்றேன்.

இரண்டையும் வாங்கினோம்,
முந்நூற்று எழுபது.

திங்கள் காலை ஆறு டிகிரி.
பனியன், அதன்மேல் இன்னர்,
அதன்மேல் ஜிகினா,
சுருக்கையெல்லாம் உள்ளே திணித்துக் கார்டுராய்,
கழுத்து மூடிய ஸ்வெட்டர்,
எல்லாவற்றுக்கும் மேல்
பள்ளிக்கூடத்து மெரூன் கோட்டு, மெரூன் குல்லா.
கை பக்கவாட்டில் மடங்காமல்
பெங்குவினாக நடந்து போனாள்.
வேன் நிற்கும் இடத்தில் ஏழு பிள்ளைகள்,
ஏழும் மெரூன் மூட்டை.
மூடுபனியில் நம்முடையது எது என்று தெரியாமல்
கோயல் வீட்டுப் பையனுக்கு
வெகுநேரம் டாட்டா காட்டினான் எபி.
வீடு வரும்வரை பேசவில்லை.

சாயங்காலம் ஹீட்டர் முன் அவளை உரித்தோம்.
ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு கால்.
உரிக்க உரிக்கச் சின்னதாகிக்கொண்டே போய்க்
கடைசியில் கொஞ்சம்போலப் பிள்ளை.
தோளெங்கும் ஜிகினா குத்திய புள்ளிகள்.
வயிற்றைச் சுற்றி
எலாஸ்டிக் போட்ட சிவப்புக் கோடு.
"இது என்னுடையது" என்று கோட்டைத் தடவினேன்.
எபி தேங்காய் எண்ணெய் தேடி எழுந்தான்.
குளிரில் உறைந்து கல்லாகக் கிடந்தது எண்ணெய்.
அதை ஹீட்டர் முன் காட்டி உருக்குவதற்குள்
கையிலிருந்து நழுவி ஓடிவிட்டாள்.

சமையலறையில் சத்தமே இல்லை.
சத்தம் இல்லாவிட்டால் போய்ப் பார்க்கவேண்டும்.

அம்மணமாக, ஒற்றை சாக்ஸோடு,
கேஸ் சிலிண்டருக்கு உடுத்திக்கொண்டிருந்தாள்.
ஜிகினா கவுன் கழுத்தில் மாட்டியாகிவிட்டது.
கார்டுராயைத் தலையில் கவிழ்த்து
இரண்டு காலையும்
இரண்டு காதாகத் தொங்கவிட்டிருந்தாள்.
நான்கு பையிலும் உருளைக்கிழங்கு.

"குளிரும்ல?" என்றாள்.

ரொம்ப நல்லாயிருக்கு என்றான் எபி.
நான் மெல்லக் குனிந்து
ஏறி இறங்கியிருந்த இடது காதைச்
சரிசெய்யப் போனேன்.

கையைத் தட்டிவிட்டாள்.